கேள்வி–பதில்: தென் துருவப் பயணங்கள்

கேள்வி: 1911-ல் ஜி.பி.எஸ். கிடையாது. எங்கு பார்த்தாலும் ஒரே வெள்ளை. ‘இதுதான் தென் துருவம்’ என்று நார்வேயின் அமுண்ட்சென் எப்படி உறுதியாகச் சொன்னார்? எங்கோ ஓரிடத்தில் கொடியை நட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம் அல்லவா?

சூரியனை வைத்துத்தான் சொன்னார். அந்தக் கணக்கை இன்று யாரும் சரிபார்க்கலாம்.

துருவத்தில் நிற்பவருக்குக் கோடைக்காலத்தில் சூரியன் மறைவதில்லை, உச்சிக்கும் ஏறுவதில்லை. டிசம்பர் நடுவில் அது தொடுவானத்துக்கு மேல் சுமார் 23 டிகிரி உயரத்தில், 24 மணி நேரமும் ஏற்ற இறக்கமே இல்லாமல் சுற்றி வரும். துருவத்திலிருந்து ஒரு கடல் மைல் (1.85 கி.மீ.) தள்ளி நின்றால் அந்தச் சுற்று லேசாகச் சாய்ந்துவிடும். ஒரு பக்கம் ஒரு கலை, அதாவது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, உயரமாகவும் எதிர்ப்பக்கம் அதே அளவு தாழ்வாகவும் தெரியும். ஐந்து மைல் தள்ளியிருந்தால் ஐந்து கலை. ஆகவே ஒரு முறை அளந்துவிட்டுப் போனால் போதாது. ஒரு முழு நாள் தங்கி, மணிக்கு ஒரு தடவை சூரியனின் உயரத்தை அளந்து, எண்கள் மாறுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அமுண்ட்சென் குழு செய்தது அதைத்தான். அவர்களிடம் இருந்தது கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவி. கடலில் என்றால் தொடுவானக் கோடு தெளிவாகத் தெரியும், பனிவெளியில் தெரியாது. அதனால் ஒரு தட்டில் பாதரசத்தை ஊற்றி, அதில் தெரியும் சூரியனின் பிம்பத்துக்கும் நிஜச் சூரியனுக்கும் உள்ள கோணத்தை அளந்து, பாதியாக வகுத்துக்கொள்வார்கள். பாதரசம் −39 டிகிரி செல்சியஸில் உறைந்துவிடும் என்பதால் கடுங்குளிரில் இந்த முறை கைகொடுக்காது. டிசம்பரில் அந்தச் சிக்கல் இல்லை.

1911 டிசம்பர் 14 அன்று துருவம் என்று கணித்த இடத்துக்கு வந்து சேர்ந்ததும், கணக்கில் பிழை இருக்கலாம் என்றே அவர்கள் வைத்துக்கொண்டார்கள். விஸ்டிங், ஹாசல், பியாலண்ட் மூவரும் ஸ்கீ கட்டைகளில் மூன்று திசைகளில், வந்த வழி நீங்கலாக, சுமார் 20 கி.மீ. வீதம் போய் அடையாளக் கொடி நட்டுத் திரும்பினார்கள். கணித்த புள்ளி சில கிலோமீட்டர் பிசகியிருந்தாலும் உண்மையான துருவம் இந்த வளையத்துக்குள் அகப்பட்டுவிடும். பிறகு சூரியக் கணக்கின்படி சற்று நகர்ந்து, டிசம்பர் 17 அன்று கூடாரத்தை நிலையாக நட்டார்கள். பின்னாளில் அந்தக் குறிப்புகளை மறுபடி கணக்கிட்டவர்கள், கூடாரம் துருவத்திலிருந்து சில கிலோமீட்டருக்குள்தான் இருந்தது என்று கண்டார்கள். போட்டியாகக் கிளம்பி ஒரு மாதம் கழித்து வந்த பிரிட்டனின் ஸ்காட் குழுவும் தங்கள் கருவிகளால் அளந்துவிட்டு, அருகிலேயே அந்தக் கூடாரத்தைப் பார்த்தது. எதிரணியே சாட்சி சொன்ன பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை.

கேள்வி: அமுண்ட்சென் நாய்களை நம்பினார், ஸ்காட் குதிரைகளை நம்பினார். அதனால் அவர் ஜெயித்தார், இவர் செத்தார். கதை அவ்வளவுதானே?

பாதிதான். நாய்களின் பங்கு பெரிது. ஆனால் நாய்களை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தால் ஸ்காட் பிழைத்திருப்பார் என்று சொல்ல மாட்டோம்.

முதலில் விலங்குகளை எடுத்துக்கொள்வோம். குதிரைக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நின்றதும் அந்த வியர்வை ரோமத்தில் உறையும். ஒவ்வொரு இரவும் காற்றுக்கு மறைவாகப் பனிச்சுவர் கட்டித் தர வேண்டும். அதன் குளம்பு பனியின் மேலோட்டை உடைத்துக்கொண்டு வயிறு வரை இறங்கும். தீவனம் முழுவதையும் கப்பலிலிருந்தே சுமக்க வேண்டும். அண்டார்க்டிகாவில் புல் முளைப்பதில்லை. நாய்க்குச் சீல் இறைச்சி அங்கேயே கிடைக்கிறது. கொடூரமான இன்னொரு கணக்கும் உண்டு: சுமை குறையக் குறைய, தேவைப்படாத நாயைக் கொன்று மற்ற நாய்களுக்கும் மனிதர்களுக்கும் உணவாக்கலாம். அமுண்ட்சென் 52 நாய்களோடு கிளம்பினார். ஆக்சல் ஹைபர்க் பனியாற்றில் ஏறி முடித்த இடத்தில் 24 நாய்களைச் சுட்டார்கள். திரும்பி வந்தவை 11. இதை முன்பே எண்ணித் திட்டமிட்டிருந்தார். படிக்கும்போது மனம் ஒப்பவில்லை என்றாலும், அவர் கணக்கு பலித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை.

விலங்கு எது என்பது கிளம்பும் நாளையும் தீர்மானித்தது. குதிரைகள் வசந்தத்தின் தொடக்கக் குளிரைத் தாங்காது என்பதால் ஸ்காட் நவம்பர் 1 வரை காத்திருந்தார். அமுண்ட்சென் அக்டோபர் 20-க்குள் கிளம்பிவிட்டார். அவரும் முதலில் அவசரப்பட்டவர்தான்: செப்டம்பர் 8-லேயே கிளம்பி, வெப்பம் −56 டிகிரிக்கு இறங்கி, திசைகாட்டிக்குள் இருந்த திரவமே உறைந்து, முகாமுக்குத் திரும்ப நேர்ந்தது. தலைமுகாமின் இடமும் முக்கியம். திமிங்கல விரிகுடாவில் இருந்த அவர் முகாம், கேப் எவன்ஸில் இருந்த ஸ்காட்டின் முகாமைவிடத் துருவத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி, அதாவது நூறு கிலோமீட்டருக்கு மேல், அருகில் இருந்தது. முன்பு வந்துபோன கப்பல்களின் குறிப்புகளைப் படித்து, அந்த விரிகுடா பல பத்தாண்டுகளாக அதே இடத்தில் நிற்கிறது, அங்கே பனித்தட்டு உடைந்து கடலில் போய்விடாது என்று துணிந்து இறங்கினார்.

ஆனால் எங்களைக் கேட்டால், வெற்றியைத் தீர்மானித்தவை கிடங்குகள். துருவப் பயணம் என்பது முந்தைய ஆண்டே வழியில் உணவையும் எரிபொருளையும் புதைத்து வைத்துவிட்டு, மறு ஆண்டு அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை. புதைப்பது எளிது. புயலிலும் மூடுபனியிலும் திரும்பி வரும்போது, ஒரு மேசை அகலப் பனிக்குவியலைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். நான்கு நாள் மேகம் மூடியிருந்தால் வழி ஐந்தாறு கிலோமீட்டர் விலகுவது சாதாரணம்.

80, 81, 82 டிகிரி அட்சரேகைகளில் அமுண்ட்சென் கிடங்கு அமைத்தார். 80 டிகிரிக் கிடங்கில் அவர் செய்ததைப் பாருங்கள். பயணப் பாதைக்குக் குறுக்கே, கிடங்கின் இரு பக்கமும் பத்துப் பத்துக் கொடிகள், அரை மைலுக்கு ஒன்று. ஒவ்வொரு கொடியிலும் எண். அதைப் படித்தால் கிடங்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று தெரியும். ஆக, ஒரு புள்ளியைத் தேட வேண்டியதில்லை. பத்து மைல் நீளமுள்ள ஒரு கோட்டைத் தாண்டினால் போதும். கிழக்கிலோ மேற்கிலோ ஐந்து மைல் விலகி வந்தாலும் ஏதாவது ஒரு கொடி கண்ணில் படும். பிந்தைய கிடங்கில் கொடிக்குப் பதில் பெட்டிகளை உடைத்துக் கறுப்புப் பலகைகளாக நட்டார்கள். முதல் கிடங்குப் பயணத்தில் வழிக்கொடிகள் தீர்ந்துபோனபோது காய்ந்த மீன்களைப் பனியில் செங்குத்தாகக் குத்திவைத்தார்கள். அடுத்த நடையில் அடையாளமாகவும் ஆயிற்று, நாய்களுக்குத் தீனியாகவும் ஆயிற்று.

துருவப் பாதையிலோ ஆள் உயரத்துக்கு 150 பனித்தூண்கள் கட்டினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: தூணின் எண், அது நிற்கும் இடம், வடக்கே அடுத்த தூணுக்கு எவ்வளவு தூரம், எந்தத் திசை. ஸ்காட்டின் கிடங்குகளும் நன்றாகக் கட்டப்பட்டவைதான். ஆனால் ஒரு பனிமேடு, ஒரு கொடி என்று பாதையிலேயே நின்றன. பியர்ட்மோர் பனியாற்றில் திரும்பும்போது, 1912 பிப்ரவரி 12, 13 தேதிகளில், ஐந்து பேரும் பனிப்பிளவுகளுக்கு நடுவே வழி தவறி, ஒரே ஒரு வேளை உணவு மிச்சமிருக்கும் நிலையில்தான் அடுத்த கிடங்கைக் கண்டார்கள்.

இன்னொரு சிறு விஷயம். அமுண்ட்சென் வண்டிகளில் பெட்டிகள் கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு பெட்டியின் மேலும் வட்டமான அலுமினிய மூடி ஒன்று. மாலையில் கயிற்றை அவிழ்க்காமல் மூடியை மட்டும் திறந்து, அன்றைய உணவை எடுத்துக்கொண்டு மூடிவிடலாம். உறைந்த முடிச்சை வெறும் விரலால் அவிழ்க்கிற வேலை நாளைக்கு இரண்டு தடவை மிச்சம். பிஸ்கட்டுகள் எண்ணி அடுக்கப்பட்டவை. ஒருவருக்கு நாளைக்கு 40. அதனால் தராசும் தேவைப்படவில்லை. வண்டிகளையே பியாலண்ட் இழைத்து இழைத்து 75 கிலோவிலிருந்து 25 கிலோவுக்கும் கீழே கொண்டுவந்தார்.

கேள்வி: ஸ்காட் குழு கிடங்குகளில் மண்ணெண்ணெய் குறைந்திருந்தது என்று படித்தேன். யாராவது திருடினார்களா? முன்னால் திரும்பியவர்கள் கூடுதலாக எடுத்துக்கொண்டார்களா?

இரண்டும் இல்லை. முன்னால் திரும்பிய குழுக்கள் தங்கள் பங்கை மட்டுமே அளந்து எடுத்தன. எண்ணெய் தானாகவே வெளியேறியது.

ஒரு கேலன் கொள்ளும் தகர டப்பாக்களில்தான் மண்ணெண்ணெய் வைத்திருந்தார்கள். வாயில் திருகு மூடி, அதற்கு அடியில் தோல் வாஷர். கடுங்குளிரில் தோல் சுருங்கி விறைத்துவிடும். மூடிக்கும் வாய்க்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். மண்ணெண்ணெய்க்கு அது போதும், உலோகத்தின் மேல் ஊர்ந்தே ஏறி வெளியே வந்துவிடும். கிடங்கில் டப்பாக்களை எளிதாக எடுக்க வேண்டும் என்று பனிமேட்டின் உச்சியில் வைத்திருந்தார்கள். அங்கே வெயில் நேராக விழுந்து டப்பா சூடேறும். உள்ளே ஆவி உண்டாகி அதே இடைவெளி வழியே போகும். இரவில் மறுபடி குளிரும். மாதக்கணக்கில் இது நடந்தால் முத்திரை உடையாத டப்பா பாதி காலி. தகரப் பற்றாசு குளிரில் பொடிந்து போயிருக்கும் என்றும் சிலர் எழுதுகிறார்கள். தோல் வாஷர் விளக்கமே பொருந்தி வருகிறது.

வருத்தம் என்னவென்றால், இது புதிய பிரச்சினை அல்ல. 1901–04 டிஸ்கவரி பயணத்திலேயே டப்பாவின் தக்கை வழியாக எண்ணெய் கசிகிறது என்று ஸ்காட் எழுதியிருந்தார். அமுண்ட்சென் டப்பாக்களைப் பற்றாசு வைத்தே அடைத்தார். அவர் ‘பெட்டி’ (Betty) என்ற பெயருள்ள மலையின் அடிவாரத்தில் விட்டுச்சென்ற 17 லிட்டர் மண்ணெண்ணெய், 1929-ல் லாரன்ஸ் கூல்டின் குழு அந்தக் கற்குவியலைக் கண்டுபிடித்தபோதும் அங்கேயே இருந்தது.

எண்ணெய் குறைந்தால் என்ன என்று கேட்கலாம். அங்கே எண்ணெய்தான் தண்ணீர். 0 டிகிரிப் பனியை 0 டிகிரி நீராக்க ஆகும் வெப்பத்தில், அதே நீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். பனி −35 டிகிரியில் இருந்தால் இன்னும் அதிகம் வேண்டும். குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் பம்ப் ஸ்டவ்தான். எண்ணெய் போனால் தாகம், ஆறிய உணவு, உலராத காலுறை, அதன் வழியே விரல்களில் உறைபனிப் புண், அதனால் நடை வேகம் குறைவு, அதனால் கிடங்குக்குப் போய்ச்சேரத் தாமதம். மார்ச் 2 அன்று ஸ்காட் குறித்துவைத்தார்: மிகச் சிக்கனமாக எரித்தாலும் 71 மைல் தள்ளியுள்ள அடுத்த கிடங்கு வரை எண்ணெய் வருவது கடினம்.

கேள்வி: குளிர் அதிகமானால் பனி இறுகி வழுக்கும், வண்டி சுலபமாக ஓடும் என்றுதானே நினைப்போம்? ஸ்காட் ஏன் ‘வண்டி நகரவில்லை’ என்று எழுதிக்கொண்டே இருந்தார்?

வண்டி வழுக்குவதற்குக் காரணம், அடிக்கட்டை உராயும்போது பனியின் மேற்பரப்பு மெல்ல உருகி உண்டாகும் நீர்ப்படலம். −10 டிகிரியில் அது தாராளமாக உண்டாகும். −30-க்குக் கீழே உராய்வின் வெப்பம் போதாது. பனித்துகள்கள் கூர்மையாக, காய்ந்தே இருக்கும். மணலில் இழுப்பது போல இருக்கிறது என்று அந்தப் பயணிகள் எல்லோருமே எழுதியிருக்கிறார்கள்.

1912 மார்ச்சில் ராஸ் பனித்தட்டில் பகலில் −34, இரவில் −44 என்று ஸ்காட்டின் கடைசிக் கடிதம் சொல்கிறது. வழக்கத்தைவிட அது கடுமையான மார்ச் என்பதைப் பிற்கால வானிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆக, துரதிர்ஷ்டம் இருந்தது. ஆனால் மார்ச் பிற்பகுதியில் அங்கே இருக்க நேர்ந்தது துரதிர்ஷ்டம் அல்ல. நவம்பர் 1-ல் கிளம்பியதன் விளைவு. அமுண்ட்சென் ஜனவரி 25-லேயே முகாமில் இருந்தார்.

கேள்வி: என்னதான் சாப்பிட்டார்கள்? அளவு போதவில்லை என்பது உண்மையா?

உண்மை. ஸ்காட் குழுவின் மேட்டுநில உணவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு: பிஸ்கட் 450 கிராம், பெமிக்கன் 340, சர்க்கரை 85, வெண்ணெய் 57, தேயிலை 24, கோக்கோ 16. மொத்தம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய 4,500 கலோரி. காகிதத்தில் தாராளம். ஆனால் வண்டியை மனிதனே இழுத்துக்கொண்டு 3,000 மீட்டர் உயரத்தில் நாளைக்கு ஒன்பது மணி நேரம் நடந்தால் 6,000 கலோரிக்கு மேல் செலவாகும். ஒவ்வொரு நாளும் 1,500 கலோரி கடன். இரண்டு மாதத்தில் அது உடம்பிலிருந்து பல கிலோவாக இறங்கும். உருவத்தில் பெரியவரான எட்கர் எவன்ஸுக்கும் சிறியவரான பவர்ஸுக்கும் ஒரே பங்குதான். முதலில் விழுந்தவர் எவன்ஸ்.

பெமிக்கன் என்பது உலர்த்திப் பொடித்த மாட்டிறைச்சியும் உருக்கிய கொழுப்பும் சேர்த்து இறுக்கிய கட்டி. சமைக்கும் முறை: நடுப்பாத்திரத்தில் கொஞ்சம் நீரும் பனியும், அதைச் சுற்றி வளையமாக இன்னொரு பாத்திரம், அதில் பனி மட்டும், எல்லாவற்றையும் மூடிய வெளிக்கவசம். அடியில் ஸ்டவ். நடுப்பாத்திரம் கொதிப்பதற்குள், பக்கவாட்டில் ஏறும் சூடு வெளிவளையத்துப் பனியை உருக்கித் தேநீருக்குத் தண்ணீர் தயார் செய்துவிடும். கொதிநீரில் பெமிக்கனைக் கரைத்து, நொறுக்கிய பிஸ்கட்டைப் போட்டால் கெட்டியான கஞ்சி. நான்சன் வடிவமைத்த இந்த அடுப்புப் பாத்திரத்தை இரு அணிகளுமே பயன்படுத்தின. ஸ்காட் உணவு நான்கு நான்கு பேருக்கு என்று மூட்டை கட்டப்பட்டிருந்தது. கடைசி நேரத்தில் ஐந்தாவதாக பவர்ஸைச் சேர்த்துக்கொண்டதால் எல்லா அளவும் பிரித்துக் கலக்க வேண்டியதாயிற்று, சமையல் நேரமும் நாளைக்கு அரை மணி கூடியது. அந்த அரை மணிக்கும் எண்ணெய் எரிந்தது.

கேள்வி: எலுமிச்சை ஸ்கர்வியை (வைட்டமின் சி குறைவால் ஈறு வீங்கி உடல் தளரும் நோய்) குணப்படுத்தும் என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். 1900-களில் போனவர்களுக்கு மறுபடி எப்படி அந்த நோய் வந்தது?

மருத்துவ வரலாற்றிலேயே மனதை உறுத்தும் அத்தியாயங்களில் ஒன்று இது. தெரிந்த மருந்து கைநழுவிப் போன கதை.

1747-ல் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதச் சிகிச்சை கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர் சில நாட்களில் எழுந்தார்கள். 1795-லிருந்து பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாறு கொடுத்தது. நோய் ஏறக்குறைய மறைந்தது. 1860-களில் மத்தியதரைக் கடல் பகுதியின் பெரிய எலுமிச்சைக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் சிறு எலுமிச்சைக்கு மாறினார்கள். இதன் புளிப்பு அதிகம். வைட்டமின் சி மிகக் குறைவு. போதாததற்குச் சாறு காற்றுப்படத் தேங்கி, செம்புக் குழாய்களில் ஓடி, இருந்த கொஞ்சமும் அழிந்தது. ஆனால் அதற்குள் நீராவிக் கப்பல்கள் வந்து பயணங்கள் குறுகிவிட்டதால், சாறு பயனற்றது என்று யாருக்கும் தெரியவில்லை. 1875–76-ல் நேர்ஸ் தலைமையில் ஆர்க்டிக் போன குழு அதே சாற்றைக் குடித்துக்கொண்டே ஸ்கர்வியில் விழுந்தபோது, எலுமிச்சை மேலேயே நம்பிக்கை போனது.

அந்த இடத்தில் ஒரு தவறான கொள்கை வந்து உட்கார்ந்தது: கெட்டுப்போன டப்பா இறைச்சியின் நஞ்சே ஸ்கர்விக்குக் காரணம் என்று. டிஸ்கவரி கப்பலில் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து முகர்ந்து பார்த்துத்தான் சமையலுக்கு அனுப்பினார்கள். அப்படியும் 1902-ல் நோய் வந்தது. புதிய சீல் இறைச்சி கொடுத்ததும் தணிந்தது. அதிகம் வேகாத இறைச்சியில் வைட்டமின் சி இருக்கிறது என்பது காரணம். அப்போது யாருக்கும் தெரியாது. 1898-ல் பெல்ஜிகா கப்பல் உறைகடலில் சிக்கியபோது மருத்துவர் ஃபிரெடெரிக் குக், பென்குவின், சீல் இறைச்சியை ஆட்களுக்கு ஊட்டியே காப்பாற்றினார். அதே கப்பலில் இருந்த இளைஞர்தான் அமுண்ட்சென். அவர் தன் முகாமில் குளிர்காலம் முழுவதும் சீல் இறைச்சியைத் தினசரி உணவாக்கினார்.

ஸ்காட் முகாமிலும் சீல் இறைச்சி உண்டு. சிக்கல் பயணத்தில்தான்: பிஸ்கட்டிலும் பெமிக்கனிலும் வைட்டமின் சி கிடையாது, உடம்பில் உள்ள சேமிப்பு இரண்டு மூன்று மாதங்களில் வற்றும். நவம்பரில் கிளம்பியவர்களுக்கு ஜனவரி கடைசியில் கணக்கு முடிகிறது. துருவத்துக்கு 270 கி.மீ. அருகில் வரை போய்த் திரும்பிய, ஸ்காட் குழுவின் இன்னொரு எவன்ஸான டெடி எவன்ஸ் சரியாக அந்தச் சமயத்தில்தான் ஸ்கர்வியில் விழுந்தார். உடன் வந்த லாஷ்லியும் கிரீனும் அவரை வண்டியில் கிடத்தி இழுத்தார்கள். முடியாமல் போனதும் கிரீன் மூன்று பிஸ்கட்டும் இரண்டு துண்டு சாக்லேட்டும் எடுத்துக்கொண்டு 56 கி.மீ. தனியாக 18 மணி நேரத்தில் நடந்து உதவி கொண்டுவந்தார். எவன்ஸ் பிழைத்தார். அந்த நடையைப் பற்றி இன்னும் அதிகம் பேசப்பட வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

வைட்டமின் சி-யைப் பிரித்தெடுத்தது 1928-ல்; ஸ்கர்வியைத் தடுப்பது அதுதான் என்று உறுதியானது 1932-ல்.

கேள்வி: ஆஸ்திரேலியரான மாசனின் அண்டார்க்டிகா பயணத்தில் நாயின் ஈரலைத் தின்றதால் ஒருவர் இறந்தார் என்கிறார்களே, ஈரல் சத்துள்ள உணவுதானே?

அளவோடு இருந்தால் சத்து. 1912 டிசம்பர் 14 அன்று, மாசனோடு போன இருவரில் ஒருவரான நின்னிஸ் பனிப்பிளவில் விழுந்தார். முன்னால் மற்றவரான மெர்ட்ஸ் ஸ்கீயில் போனார், மாசன் வண்டி மேல் உட்கார்ந்திருந்தார். எடை பரவியதால் பனிமூடி இருவரையும் தாங்கியது. நின்னிஸ் வண்டியோடு காலால் நடந்தார், மூடி உடைந்தது. விழுவதானால் முன்வண்டிதான் விழும் என்று கருதி, நல்ல நாய்களையும் பெரும்பங்கு உணவையும் கூடாரத்தையும் பின்வண்டியில் ஏற்றியிருந்தார்கள். போனது பின்வண்டி.

மிஞ்சிய நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று தின்றார்கள். தசை நார்நாராக இருந்ததால் மென்மையான ஈரலை விரும்பிச் சாப்பிட்டார்கள். துருவப் பகுதி நாயின் ஈரலில் வைட்டமின் ஏ நச்சளவுக்குச் சேர்ந்திருக்கும். தோல் உரிவது, முடி உதிர்வது, வயிற்றுப்போக்கு, மனப்பிறழ்வு எல்லாம் வந்து மெர்ட்ஸ் 1913 ஜனவரி 8 அன்று இறந்தார். மாசனின் உள்ளங்கால் தோல் அப்படியே கழன்று வந்தது; அதைத் திரும்ப வைத்துக் கட்டிக்கொண்டு, அதன்மேல் காலுறைகளை மாட்டி நடந்தார். சுமையைக் குறைக்க வண்டியைப் பாதியாக அறுத்தார். பிப்ரவரி 8 அன்று முகாமை அடைந்தார். ஈரல் நஞ்சு என்ற விளக்கம் 1969-ல்தான் வந்தது. பட்டினியும் குளிருமே போதுமான காரணம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

கேள்வி: அண்டார்க்டிகாவை முதலில் பார்த்தவர் யார்?

1820 ஜனவரி 27 அன்று ரஷ்யக் கடற்படையின் பெல்லிங்ஸ்ஹவுசன் கரையோரப் பனித்தட்டைக் கண்டார். மூன்று நாள் கழித்து பிரிட்டனின் பிரான்ஸ்ஃபீல்ட் தீபகற்பத்தின் மலைகளைக் கண்டார். பனித்தட்டைக் கண்டமாக எண்ணினால் முன்னவர், பாறை தெரிய வேண்டும் என்றால் பின்னவர். 1773-லேயே அண்டார்க்டிக் வட்டத்தைத் தாண்டிய கேப்டன் குக் நிலத்தைப் பார்க்கவில்லை.

கேள்வி: பிரிட்டனிலிருந்து போன ஷாக்கிள்டன் 1909-ல் துருவத்துக்கு வெறும் 180 கி.மீ. இருக்கும்போது திரும்பினார். இன்னும் பத்து நாள் போயிருக்கலாமே?

போயிருந்தால் துருவத்தை எட்டியிருப்பார்; நால்வரில் ஒருவரும் திரும்பியிருக்க மாட்டார்கள். ஜனவரி 9 அன்று 88 டிகிரி 23 கலையில் நின்றபோது, அடுத்த கிடங்கு வரைக்குமான உணவே இழுபறி. திரும்பும் வழியில் பல தடவை கிடங்கை அடையும்போது கையில் எதுவும் மிச்சமில்லை. பிப்ரவரி 28 அன்று அவரும் இன்னொருவரும் முந்திக் கரைக்கு வந்தார்கள். கப்பல் காத்திருக்க வேண்டிய கெடு மார்ச் 1. எவ்வளவு போனார் என்பதைவிட எங்கே நின்றார் என்பதற்காகவே அவரை மதிக்கிறோம்.

கேள்வி: ஷாக்கிள்டனின் எண்டியூரன்ஸ் கப்பல் மூழ்கி நூறு ஆண்டுக்குப் பிறகு, அப்போது குறித்த இடத்துக்குப் பக்கத்திலேயே கிடைத்ததாமே? எப்படி?

கேப்டன் வொர்ஸ்லியின் திறமை. கப்பல் 1915 நவம்பர் 21 அன்று வெட்டல் கடலில் மூழ்கியபோது மேகமூட்டம். சூரியனை அளக்க முடியவில்லை. மறுநாள் அளந்து, இடையில் பனி மிதந்து நகர்ந்த தூரத்தைக் கழித்து இடத்தைக் குறித்தார். பெரிய சிக்கல் கடிகாரம். தீர்க்கரேகை கணிக்க லண்டன் நேரம் துல்லியமாகத் தெரிய வேண்டும். ஒரு நிமிடம் பிசகினால் அந்த அட்சரேகையில் 10 கி.மீ. பிழை. ஓராண்டுக்கு மேல் துறைமுகம் காணாத கடிகாரங்களை எதை வைத்துத் திருத்துவது? நிலவு ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் கணத்தைக் கவனித்து, அட்டவணையோடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள். குழுவின் இயற்பியலாளர் ஜேம்ஸ் இதில் கூட இருந்தார். 2022 மார்ச்சில் கப்பல் 3,008 மீட்டர் ஆழத்தில், வொர்ஸ்லி குறித்த புள்ளிக்கு சுமார் நான்கு கடல் மைல் தெற்கே கிடைத்தது. மரம் அரிக்கும் புழுக்கள் அந்தக் கடலில் இல்லாததால் பின்புறத்தில் கப்பலின் பெயர்கூட அழியாமல் இருக்கிறது. அண்டார்க்டிக் உடன்படிக்கையின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட சின்னம். படமெடுக்கலாம், எதையும் தொடவோ எடுக்கவோ கூடாது.

கேள்வி: இன்றும் அங்கே நாய் வண்டி ஓடுகிறதா?

இல்லை. 1991-ல் கையெழுத்தான மாட்ரிட் சுற்றுச்சூழல் உடன்பாட்டின்படி 1994 ஏப்ரல் 1-க்குள் எல்லா நாய்களும் வெளியேற்றப்பட்டன. நாய்களின் நோய்கள் சீல்களுக்குத் தொற்றலாம் என்பது முக்கியக் காரணம். நாய்த் தீனிக்காகச் சீல்களைக் கொல்வதும் அதோடு நின்றது. இப்போது சங்கிலிச்சக்கர டிராக்டர்கள், பனி ஸ்கூட்டர்கள், ஸ்கீ பூட்டிய விமானங்கள்தான்.